கையுறையைக் கழற்றிய பிறகு

ஒரு குத்துச்சண்டைப் போட்டி எவ்வளவு நேரம் நடக்கும்?

மூன்று சுற்றுகள். ஒவ்வொரு சுற்றும் 3 நிமிடம். நடுவில் ஒவ்வொரு நிமிடம் ஓய்வு. ஆகச் சண்டை நடப்பது மொத்தம் 9 நிமிடம்தான்.

ஒருவர் எத்தனை வயது வரை குத்துச்சண்டை போடலாம்? பெரும்பாலோர் 30 வயதைத் தாண்டியதும் நிறுத்தி விடுகிறார்கள். உடல் முன்போல ஒத்துழைக்காது. கால் வேகம் குறையும். கண் வேகம் குறையும். அடி வாங்கினால் ஆறுவதற்கு நாளாகும்.

அப்படியானால் அதன் பிறகு என்ன? 30 வயதில் கையுறையைக் கழற்றி வைக்கிற வீரர், மீதி வாழ்நாளில் என்ன செய்கிறார்? தான் கற்ற வித்தையை யாருக்குத் தருகிறார்?

நல்ல குடியானவர் விளைந்ததை எல்லாம் விற்று விடுவதில்லை. அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்து வைக்கிறார். விளையாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. நம் நாட்டில் அப்படி விதைநெல் வைத்த சில குத்துச்சண்டை வீரர்களின் கதை இது.

சண்டைக்கும் விதி உண்டு

குத்துச்சண்டையைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். "இரண்டு பேர் அடித்துக் கொள்வது ஒரு விளையாட்டா?" என்று கேட்பார்கள்.

தெருச் சண்டை வேறு. குத்துச்சண்டை வேறு. தெருச் சண்டையில் விதி இல்லை. குத்துச்சண்டையில் எல்லாவற்றுக்கும் விதி உண்டு.

போட்டி நடக்கும் மேடைக்கு ரிங் என்று பெயர். ரிங் என்றால் வளையம். ஆனால் மேடை சதுரமாக இருக்கும். நான்கு பக்கமும் கயிறு கட்டியிருக்கும். ஒரு பக்கம் சுமார் 20 அடி இருக்கும்.

எடை பார்த்துத்தான் ஆளைச் சேர்ப்பார்கள். 50 கிலோ எடையுள்ளவரும் 80 கிலோ எடையுள்ளவரும் மோத முடியாது. ஏறத்தாழ ஒரே எடை உள்ளவர்கள்தான் மோதலாம்.

வீரர்கள் முதலில் கையில் நீண்ட துணிப் பட்டையைச் சுற்றிக் கொள்வார்கள். அதன் மேல் பஞ்சு போன்ற மெத்தை வைத்த கையுறை போடுவார்கள். பல்லுக்குக் கவசம் உண்டு. இடுப்புக்குக் கீழே குத்தக் கூடாது. பின் தலையில் குத்தக் கூடாது. விழுந்தவரை அடிக்கக் கூடாது.

மேடையில் ஒரு நடுவர் இருப்பார். அவர் "நிறுத்து" என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஒருவர் விழுந்தால் நடுவர் 1 முதல் 10 வரை எண்ணுவார். 10 எண்ணுவதற்குள் எழுந்து தயாராக நிற்காவிட்டால் தோல்வி. மேடைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் மற்ற நடுவர்கள் புள்ளி போடுவார்கள்.

வெறும் பலம் இருந்தால் இதில் ஜெயிக்க முடியாது. கால் அசைய வேண்டும். கண் எதிராளியின் தோளைப் பார்க்க வேண்டும். கோபம் வரக் கூடாது. கோபப்பட்டவர் கையை அகல வீசுவார். முகம் திறந்து கிடக்கும். அங்கே அடி விழும். அதனால் பயிற்சியாளர் முதலில் கற்றுத் தருவது பொறுமையைத்தான்.

இதை எல்லாம் ஒருவர் தானாகக் கற்றுக் கொள்ள முடியாது. கற்றவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தர வேண்டும். குத்துச்சண்டையில் பழைய வீரர்களுக்கு மதிப்பு வருவது இதனால்தான்.

ஹவா சிங்

ஹரியானா மாநிலத்தில் பிவானி என்று ஓர் ஊர் இருக்கிறது. தில்லிக்கு மேற்கே சுமார் 120 கிலோமீட்டர் தூரம். வறண்ட பூமி. மழை குறைவு. கம்பும் கடுகும் விளையும். எருமை வளர்ப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்தால் ராணுவத்துக்குப் போவார்கள்.

அந்த வட்டாரத்தில் உமர்வாஸ் என்ற கிராமத்தில் 1937ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு குழந்தை பிறந்தது. ஹவா சிங் என்று பெயர் வைத்தார்கள். ஹவா என்றால் இந்தியில் காற்று.

ஹவா சிங் 1956இல் ராணுவத்தில் சேர்ந்தார். அங்கேதான் குத்துச்சண்டை போட்டார். ஆள் உயரமானவர். நல்ல எடை உள்ளவர். அதனால் ஹெவிவெயிட் என்ற கனமான எடைப் பிரிவில் மோதினார். 1960இல் ராணுவத்தின் மேற்குப் பிரிவில் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டிலிருந்து தேசிய சாம்பியன் ஆனார். ஒரு முறை இல்லை, இரு முறை இல்லை. தொடர்ந்து 11 முறை அந்தப் பட்டம் அவரிடமே இருந்தது.

ஆசிய விளையாட்டுப் போட்டி 1966இல் பாங்காக் நகரில் நடந்தது. ஹவா சிங் தங்கப் பதக்கம் வென்றார். 1970இலும் அதே நகரில் போட்டி நடந்தது. அப்போதும் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் அடுத்தடுத்து இரண்டு முறை தங்கம் வென்ற வேறு இந்தியக் குத்துச்சண்டை வீரர் இன்று வரை இல்லை. 1966ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு மத்திய அரசு தருகிற விருது அது.

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வூதியம் உண்டு. ஊரில் மரியாதை உண்டு. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பழம் பெருமை பேசிக் கொண்டே காலத்தைக் கழித்திருக்கலாம்.

அவர் அப்படிச் செய்யவில்லை.

ஓர் ஊர் எழுந்த கதை

ஹவா சிங் பிவானியில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை கற்றுத் தர ஆரம்பித்தார்.

இந்திய விளையாட்டு ஆணையம் 1984இல் தொடங்கப்பட்டது. இது மத்திய அரசின் அமைப்பு. நாட்டின் பல இடங்களில் பயிற்சி மையங்களை நடத்துகிறது. பிவானியிலும் குத்துச்சண்டைக்கு மையம் வந்தது. அங்கே ஹவா சிங் பயிற்சியாளராக உழைத்தார்.

பயிற்சி என்றால் என்ன? காலையில் இருட்டோடு எழ வேண்டும். ஓட வேண்டும். கயிறு தாண்ட வேண்டும். கயிறு தாண்டினால் கால் இலகுவாகும், மூச்சு நிற்கும். பிறகு தொங்கும் மூட்டையில் குத்திப் பழக வேண்டும். பிறகு இன்னொருவருடன் பழக வேண்டும். மாலையில் மறுபடியும் இதே வேலை. இப்படிப் பல ஆண்டுகள். அதன் பிறகுதான் மேடை.

கிராமத்து வீட்டில் பால் உண்டு. வேலை செய்து உரம் ஏறிய உடம்பு உண்டு. ஆனால் வழி காட்ட ஆள் வேண்டும். அந்த ஆளாக ஹவா சிங் இருந்தார்.

அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் ராஜ்குமார் சங்வான். அவரும் நாட்டுக்காக ஆடினார். அவரும் அர்ஜுனா விருது பெற்றார். ஊர்ப் பிள்ளை ஒருவன் தில்லி வரை போய் விருது வாங்கினான் என்றால் சும்மாவா? பிவானியைச் சுற்றியுள்ள கிராமங்களில் எல்லாம் அதே பேச்சு. "நம்மாலும் முடியும்" என்று சிறுவர்கள் நினைத்தார்கள்.

நல்ல பயிற்சியாளர்களுக்கு மத்திய அரசு துரோணாச்சாரியார் விருது தருகிறது. 1999ஆம் ஆண்டுக்கான விருது ஹவா சிங்குக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால் அதை வாங்க அவர் இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி காலமானார். விருது விழாவுக்கு இன்னும் 15 நாள்தான் இருந்தது.

அவர் விதைத்தது எட்டு ஆண்டு கழித்து விளைந்தது. அதை அவர் பார்க்கவில்லை. நாடு பார்த்தது.

பஸ் டிரைவரின் மகன்

பிவானிக்குப் பக்கத்தில் காலுவாஸ் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு பஸ் டிரைவர் இருந்தார். ஹரியானா அரசுப் போக்குவரத்தில் வேலை. இரண்டு மகன்கள். அவர்களைப் படிக்க வைக்கக் கூடுதல் நேரம் வண்டி ஓட்டினார்.

ராஜ்குமார் சங்வானைப் பார்த்து அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் குத்துச்சண்டையில் ஆசை வந்தது. அண்ணன் முதலில் கற்றார். விளையாட்டுத் தகுதியில் ராணுவத்தில் வேலை கிடைத்தது. அவர் தம்பிக்குப் பணம் அனுப்பினார். தம்பி பயிற்சியைத் தொடர்ந்தார். அந்தத் தம்பியின் பெயர் விஜேந்தர் சிங்.

விஜேந்தர் பிவானி பாக்சிங் கிளப்பில் பயின்றார். அதை நடத்தியவர் ஜகதீஷ் சிங் என்ற பயிற்சியாளர். கண்டிப்பானவர். தாமதமாக வந்தால் விட மாட்டார். அவருக்கும் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது.

2008இல் சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் நடந்தது. குத்துச்சண்டைக்கு இந்தியாவிலிருந்து ஐந்து பேர் போனார்கள். அந்த ஐந்து பேரில் நான்கு பேர் பிவானியில் பயின்றவர்கள். விஜேந்தர், அகில் குமார், ஜிதேந்தர் குமார், தினேஷ் குமார். இதில் மூன்று பேர் காலிறுதி வரை போனார்கள். காலிறுதி என்றால் கடைசி எட்டுப் பேர் மோதும் கட்டம்.

விஜேந்தர் காலிறுதியில் எக்குவடார் நாட்டு வீரரை வென்றார். அரையிறுதியில் கியூபா வீரரிடம் தோற்றார். குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்கும் இருவருக்கும் வெண்கலப் பதக்கம் உண்டு. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுதான்.

கியூபா ஒரு சின்னத் தீவு நாடு. குத்துச்சண்டையில் பெரிய பேர் வாங்கிய நாடு. அதனால் பிவானியைப் பலர் 'சின்னக் கியூபா' என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.

பிவானியின் கதை ஆண்களோடு நிற்கவில்லை. 2025இல் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. பிவானிப் பெண் ஜாஸ்மின் லம்போரியா தங்கம் வென்றார். அதே போட்டியில் நூபுர் ஷியோரன் என்ற பெண் வெள்ளி வென்றார். நூபுர் யார் தெரியுமா? ஹவா சிங்கின் பேத்தி.

ஒரு காலத்தில் ஹரியானாக் கிராமங்களில் பெண் பிள்ளை பிறந்தால் பலர் வருத்தப்பட்டார்கள். இன்று அதே கிராமங்களில் தகப்பன்மார் விடியற்காலையில் மகளைப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறார்கள்.

அனாதை இல்லத்துச் சிறுவன்

இப்போது நாட்டின் மறு கோடிக்குப் போவோம். ஹரியானா வடமேற்கே இருக்கிறது. மணிப்பூர் வடகிழக்கே இருக்கிறது. மலைகள் சூழ்ந்த சின்ன மாநிலம். அதன் தலைநகர் இம்பால்.

இம்பாலுக்கு அருகே செக்தா என்ற கிராமத்தில் 1979இல் டிங்கோ சிங் பிறந்தார். குடும்பத்தில் கொடிய வறுமை. சாப்பாட்டுக்கு வழி இல்லாததால் அனாதை இல்லத்தில் வளர்ந்தார்.

அங்கேயே குத்துச்சண்டை அவர் கைக்கு வந்தது. 10 வயதிலேயே சிறுவர் பிரிவில் தேசிய அளவில் வென்றார். பிறகு கடற்படையில் வேலை கிடைத்தது.

1998இல் ஆசிய விளையாட்டு பாங்காக்கில் நடந்தது. இந்திய அணியின் பட்டியலில் முதலில் டிங்கோ பெயர் இல்லை. கடைசி நேரத்தில்தான் சேர்த்தார்கள். 54 கிலோ பிரிவில் மோதினார். அரையிறுதியில் எதிரில் நின்றவர் தாய்லாந்து வீரர். போட்டி நடப்பதும் தாய்லாந்தில். கூட்டம் முழுவதும் அவர் பக்கம். டிங்கோ வென்றார். இறுதிப் போட்டியில் உஸ்பெகிஸ்தான் வீரரையும் வென்றார். தங்கம் வாங்கினார். ஆசிய விளையாட்டுக் குத்துச்சண்டையில் 16 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் அது.

பிறகு டிங்கோவும் பயிற்சியாளர் ஆனார். இம்பாலில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார்.

ஆனால் அவர் செய்த பெரிய உதவி ஒன்று உண்டு. அதைச் செய்கிறோம் என்று அப்போது அவருக்கே தெரியாது. 1998இல் அவர் வென்ற செய்தி மணிப்பூரின் மலைக் கிராமங்களுக்குப் போனது. அங்கே ஒரு பெண் அதைக் கேட்டாள்.

மேரி கோம்

கோம் என்பது மணிப்பூரில் ஒரு சிறிய பழங்குடி இனம். கங்காதேய் என்ற கிராமத்தில் அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் இருந்தது. பெற்றோர் பிறர் நிலத்தில் பாடுபட்டார்கள். மலைச் சரிவில் காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்யும் வேலை. மூத்த மகள்தான் மேரி. வயல் வேலை செய்வாள். தம்பி தங்கையைப் பார்த்துக் கொள்வாள். பள்ளியில் ஓட்டப் பந்தயம் ஓடுவாள், ஈட்டி எறிவாள்.

டிங்கோ வென்ற செய்தி வந்ததும் மேரிக்குக் குத்துச்சண்டையில் ஆசை வந்தது. இம்பாலுக்குப் போய்ப் பயிற்சியில் சேர்ந்தார். வீட்டில் சொல்லவில்லை.

2000ஆம் ஆண்டில் மாநில அளவில் வென்றார். பத்திரிகையில் படம் வந்தது. அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கே விஷயம் தெரிந்தது. அப்பாவுக்குக் கோபம். முகத்தில் அடிபட்டால் யார் கட்டிக் கொள்வார்கள் என்று பயந்தார். பெண்ணைப் பெற்ற தகப்பன் எந்த ஊரிலும் கேட்கிற கேள்விதான் அது. மேரி விடவில்லை. பிறகு அப்பாவும் மனம் மாறினார்.

பெண்களுக்கான முதல் உலகச் சாம்பியன் போட்டி 2001இல் நடந்தது. மேரி வெள்ளி வென்றார். 2002, 2005, 2006 என்று மூன்று முறை தங்கம் வென்றார். திருமணம் ஆனது. 2007இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன.

"இனி எங்கே விளையாடப் போகிறார்?" என்று பலர் நினைத்தார்கள். மேரி மறுபடியும் கையில் பட்டையைச் சுற்றினார். கணவர் ஓன்லர் வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக் கொண்டார். 2008இல் நான்காவது முறை உலகச் சாம்பியன் ஆனார். 2010இல் ஐந்தாவது முறை. 2018இல் ஆறாவது முறை.

2012இல் லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. மேரியின் எடைப் பிரிவு அங்கே இல்லை. அவர் எடையைக் கூட்டி 51 கிலோ பிரிவில் மோதினார். தன்னைவிட உயரமான பெண்களோடு மோதி வெண்கலம் வென்றார்.

ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 2024 வரை இந்தியாவுக்குக் கிடைத்த பதக்கங்கள் மூன்று. ஒன்று விஜேந்தர். ஒன்று மேரி கோம். மற்றொன்று அஸ்ஸாம் மாநிலத்துப் பெண் லவ்லினா போர்கோஹெய்ன். அவர் 2021இல் டோக்கியோவில் வென்றார். மூன்றில் இரண்டு பெண்கள் வாங்கியவை.

மேரி கோம் விளையாடிக் கொண்டிருக்கும்போதே விதைநெல் எடுத்து வைத்தார். 2006இல் இம்பாலில் ஒரு பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் கற்றுத் தருவதுதான் நோக்கம். ஆண் பிள்ளைகளும் வரலாம். பெண் பிள்ளைகளும் வரலாம்.

2016 முதல் 2022 வரை அவர் நாடாளுமன்றத்தின் மேலவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 2020இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அடி வாங்கும் விளையாட்டு

இவ்வளவு பெருமை சொன்னோம். ஆபத்தையும் சொல்ல வேண்டும்.

குத்துச்சண்டையில் தலையில் அடி விழும். மண்டை ஓட்டுக்குள் மூளை மிருதுவாக இருக்கிறது. பலமான அடி விழுந்தால் அது உள்ளே குலுங்கும். ஓர் அடியில் மயக்கம் வரலாம். பல ஆண்டு அடி சேர்ந்தால் பிற்காலத்தில் மறதி வரலாம். பேச்சு குழறலாம். கை நடுங்கலாம்.

அதனால்தான் விதிகள் இருக்கின்றன. போட்டிக்கு முன் டாக்டர் சோதிக்க வேண்டும். தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தவர் குறிப்பிட்ட காலம் வரை மேடை ஏறக் கூடாது. பயிற்சியில் மோதவும் கூடாது.

ஆனால் விதி காகிதத்தில் இருந்தால் போதாது. இளம் வீரன் "எனக்கு ஒன்றும் இல்லை, நான் ஆடுகிறேன்" என்பான். ரோசம் அப்படிச் சொல்ல வைக்கும். அப்போது பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளர்தான் "போதும், இறங்கு" என்று சொல்ல வேண்டும். போட்டி நடக்கும்போதே வீரரால் தாங்க முடியவில்லை என்று தெரிந்தால், பயிற்சியாளர் மேடையில் ஒரு துண்டை வீசுவார். "நாங்கள் தோல்வியை ஒப்புக் கொள்கிறோம், நிறுத்துங்கள்" என்று அதற்குப் பொருள்.

அந்தத் துண்டை எப்போது வீச வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? தானே அடி வாங்கியவருக்குத் தெரியும். ஒரு போட்டி போனால் போகட்டும், பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்குத் தெரியும். அனுபவசாலி ஒருவர் விளையாட்டோடு கூடவே இருந்தால் பிள்ளைகளின் உயிருக்கும் உடலுக்கும் அது காவல்.

கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

விளையாட்டு சிலருக்கு நல்ல வாழ்க்கை தந்தது. விளையாட்டு வீரர்களுக்கு ராணுவம், போலீஸ், ரயில்வே போன்ற துறைகளில் ஒதுக்கீட்டு வேலை உண்டு. விஜேந்தருக்கு ஹரியானா போலீஸில் பெரிய பதவி கிடைத்தது. ஏழைப் பெற்றோர் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்ப இதுவும் ஒரு காரணம். பதக்கம் எல்லோருக்கும் கிடைக்காது. ஒரு வேலை கிடைத்தால் குடும்பம் கரை ஏறும்.

ஆனால் எல்லோர் கதையும் அப்படி இல்லை.

டிங்கோ சிங்குக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. இம்பாலில் இருந்த தன் வீட்டை விற்றார். 2013இல் பத்மஸ்ரீ விருது வாங்கியவர் அவர். விருது சுவரில் மாட்ட உதவும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவாது. விஷயம் வெளியே தெரிந்த பிறகுதான் உதவிகள் வந்தன. 2020இல் ஊரடங்கு நேரத்தில் சிகிச்சைக்காக அவரை விமானத்தில் தில்லிக்குக் கொண்டு போனார்கள். அந்த ஆண்டே கொரோனாவும் வந்தது. அதிலிருந்து மீண்டார். ஆனால் புற்றுநோய் விடவில்லை. 2021 ஜூன் 10ஆம் தேதி காலமானார். வயது 42தான்.

டிங்கோ இல்லாவிட்டால் மேரி கோம் என்ற குத்துச்சண்டை வீராங்கனை இருந்திருப்பாரா? மேரியே பல முறை அவரைத் தனக்கு வழிகாட்டியாகச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் வீட்டை விற்க நேர்ந்தது.

பதக்கம் வாங்கிய அன்று மாலை போடுகிறோம். ஊர்வலம் விடுகிறோம். 20 ஆண்டு கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதில்லை. இது குத்துச்சண்டைக்கு மட்டும் உள்ள குறை இல்லை. கபடி ஆடியவர், ஓடியவர், மல்யுத்தம் செய்தவர் எல்லோருக்கும் இது நடக்கிறது.

நம் ஊரில்

உங்கள் ஊரிலும் ஒரு பழைய விளையாட்டு வீரர் இருக்கலாம். சிலம்பம் சுற்றியவராக இருக்கலாம். கபடி ஆடியவராக இருக்கலாம். குத்துச்சண்டை போட்டவராகவும் இருக்கலாம். இன்று அவர் டீக்கடை நடத்தலாம். காவலாளியாக இருக்கலாம். அவரிடம் ஒரு வித்தை இருக்கிறது. அதை யாராவது கேட்டால்தான் அவர் சொல்லித் தருவார்.

ஹவா சிங் மாளிகை கட்டவில்லை. ஓர் ஊரின் பிள்ளைகளைக் காலையில் எழுப்பினார். ஓட வைத்தார். அவர் போன பிறகும் அந்தப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். அவருடைய பேத்தியும் அவர்களில் ஒருத்தி.

பேசிப் பாருங்கள்

1. பெண் பிள்ளை விளையாடப் போகிறேன் என்றால் உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்? மேரி கோமின் அப்பா ஏன் பயந்தார்? ஏன் மனம் மாறினார்?

2. பயிற்சியாளர் துண்டை வீசுவது எதற்காக? அது கோழைத்தனமா?

3. டிங்கோ சிங்குக்கு முன்கூட்டியே என்ன உதவி செய்திருக்கலாம்? யார் செய்திருக்க வேண்டும்?

4. உங்கள் ஊரில் உள்ள பழைய விளையாட்டு வீரர் யார்? அவரைக் கல்வி மையத்துக்கு அழைத்து வந்து பேசச் சொல்லுங்கள். அவர் சொல்வதை நீங்களே எழுதி வையுங்கள்.